பசி திரும்பும் நேரம்

எங்கள் கப்பலுக்குக் கரடி ஒருநாளும் தாமதமாக வந்ததில்லை. காலைச் சிற்றுண்டியை முடித்துக்கொண்டு பயணிகள் காப்பிக் கோப்பையோடு மேல்தளத்துக்கு வந்து நிற்பார்கள். கரையில் புதருக்குள்ளிருந்து ஒரு தாய்க்கரடியும் இரண்டு குட்டிகளும் வெளியே வரும். தண்ணீர் ஓரமாக நடக்கும். நடுவில் தாய் ஒருமுறை பின்னங்கால்களில் எழுந்து நின்று கப்பலைப் பார்க்கும். எல்லாரும் ‘ஆ’ சொல்லி, படம் எடுத்து, பின்வரிசைக்காரர்களுக்கு வழிவிட்டு, அவர்களும் எடுத்து முடித்த பிறகுதான் அது திரும்பிப் போகும். எழுந்து நிற்பது கரடியின் யோசனை அல்ல. கீழ்த்தளத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து முறுக்குத் தின்றுகொண்டிருக்கும் ஜெரால்டின் யோசனை.

என் பெயர் பூங்கோதை. கடல் உயிரியல் படித்தவள். அலாஸ்காக் கரையோரம் பனியாறுகளைச் சுற்றிக்காட்டும் சொகுசுக் கப்பலில் தமிழ்க் குழுக்களுக்கு வர்ணனை செய்கிறேன். சொந்தச் சமையல்காரரையும் மாவு அரைக்கும் கிரைண்டரையும் ஏற்றிக்கொண்டு வருகிற குழுக்கள். கரடியைப் பார்த்ததும் ‘எவ்வளவு பெரிசு’ என்பார்கள். அடுத்த கேள்வி, மதியம் ரசம் உண்டா என்பது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பார்க்கவில்லை என்றால் பணம் வாபஸ் என்று நிறுவனம் விளம்பரம் செய்தது, அவர்கள் நம்பி வந்தார்கள், அவ்வளவுதான்.

விலங்குகள் நேரத்துக்கு வருவதன் காரணம் அரிசி அளவுள்ள ஒரு மின்னணுச் சில்லு. மண்டையோட்டுக்கு அடியில், பிடரியில் பொருத்திவிடுவார்கள். நிறுவனம் அதற்கு அன்பு, பாதுகாப்பு என்றெல்லாம் கலந்து நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கிறது. நாங்கள் கடிவாளம் என்போம். வா என்றால் வரும், நில் என்றால் நிற்கும். இதில் ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. பசித்த கரடி மீனைப் பார்த்தால் கடிவாளத்தையும் மீறிக்கொண்டு போனது. அதனால் காட்சி நேரத்தில் பசியையே அணைத்துவிட்டார்கள். எங்கள் கப்பல் போனால் அடுத்த கப்பல், அது போனால் இன்னொன்று. கோடைக்காலம் முழுக்கக் காட்சி நேரம்தான்.

“குளிருக்கு முன்னாடி கொழுப்பு சேக்கணுமே, அதுங்க எப்பத்தான் தின்னும்?” என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஜெரால்டைக் கேட்டேன். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன் அவன், கல்யாணமாகி ஒரு குழந்தை உண்டு.

“ராத்திரி விட்டுருவோம்லாக்கா.”

“இங்க கோடையில ராத்திரி ஏது?”

அவன் முறுக்கை ஒடித்தான். “வருசா வருசம் புதுக் கரடிக்குக் கடிவாளம் போடுதாவல்லா, பழசெல்லாம் எங்க போச்சுன்னு நான் கேக்கதில்ல. நீங்களும் கேக்காதிய.”

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. அதை நினைத்தால்தான் இன்னும் அருவருப்பாக இருக்கிறது.

காக்கைகளுக்கும் கடிவாளம் உண்டு. அவை யாரும் காசு கொடுத்துப் பார்க்கிற பறவை அல்ல. ஆனால் கப்பலிலிருந்து இறக்கிக் கூட்டிப்போகும் கரைப் பயணத்தில் பயணிகள் உட்கார்ந்து சாப்பிடும்போது தட்டிலிருந்து ரொட்டியைப் பறித்துக்கொண்டு போயின. புகார் வந்தது. அந்தக் கடற்கரையில் இருந்த காக்கைகளைப் பிடித்துச் சில்லு வைத்து, அழகாகப் பாறையில் உட்கார மட்டும் பழக்கினார்கள். அதே கரையில் ஒரு பலகை நிற்கிறது. ‘விலங்குகளுக்கு உணவளிக்காதீர்கள், அவற்றின் இயல்பு கெட்டுவிடும்’ என்று ஆறு மொழிகளில். தமிழ் வாசகம் நான் எழுதியது.

பனியாறு மட்டும்தான் எங்கள் பேச்சைக் கேட்காது. அது தன்னிஷ்டத்துக்கு உடைந்து கடலில் விழும், அல்லது விழாது. அதைப் பற்றியும் புகார் வந்திருக்கிறது.

அந்த முறை வந்த பொள்ளாச்சிக் குழுவில் அர்த்தநாரி என்று ஒருவர் இருந்தார். தேங்காய் நார் தொழிற்சாலை வைத்திருப்பவர். கூட மகள் நிகிலா, உடுமலையில் கால்நடை மருத்துவர். அர்த்தநாரியின் அக்கா ரங்கநாயகியும் வந்திருந்தார். நிகிலா தமிழ்நாட்டு மாட்டைத் தவிர வேறு எதையும் ரசிக்காதவள் மாதிரி கரடியை முகம் சுளித்துப் பார்த்தாள். “இத்தன ஒல்லியாவா இருக்கும் இந்த மாசத்துல?” என்று என்னைக் கேட்டாள். ரோமம் உதிர்கிற காலம் என்று நிறுவனம் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொன்னேன்.

கரைப் பயணத்துக்கு முந்தைய நாள் அர்த்தநாரி என்னிடம் வந்தார்.

“அம்மிணி, ஒரு ஒத்தாச பண்ணோணுங்க. நாளைக்கு எம்பட சம்சாரத்துக்கு மொத வருசத் திதிங்க. இந்தப் பனியப் பாக்கோணும்னு ஆசப்பட்டு டிக்கெட்டு போடச் சொன்னதே அவதான். கரையில காக்காய்க்குச் சோறு வெக்கலாம்னு இருக்கறேன். அங்க காக்கா வருங்ளா?”

“வரும் சார்” என்றேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கரை மேலாளரிடம் பேசி, கலாசார நிகழ்ச்சி என்று சொல்லி அனுமதியும் வாங்கிக் கொடுத்தேன். காக்கை வருமா என்பதைத்தான் யோசித்தேனே தவிர, தின்னுமா என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை.

கரையில் நல்ல குளிர். கருங்கல் பாறை ஒன்றைத் துடைத்து, ஊரிலிருந்து கொண்டுவந்த வாழையிலையை விரித்தார்கள். இலை விறைத்துப்போயிருந்தது. சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பொரியல், எள்ளுருண்டை, வடை. அர்த்தநாரியின் மனைவி வாசுகியின் படத்தைக் கல்லில் சாய்த்து வைத்தார்கள். ரங்கநாயகி “கா... கா...” என்று கூப்பிட்டார். எதிரே பாறையில் உட்கார்ந்திருந்த அண்டங்காக்கை, தொண்டைக்குள் எதையோ உருட்டுவது போல ஒரு சத்தம் போட்டது.

“இதென்னடி, காக்கா இப்புடிக் கத்துது? வெளிநாட்டுக் காக்கா வெளிநாட்டுப் பாஷைதான் பேசறமாட்டம் இருக்குது” என்றார் ரங்கநாயகி. எல்லாரும் சிரித்தார்கள்.

ஜெரால்டு வா என்றிருப்பான், காக்கை இறங்கி வந்தது. இலைக்குப் பக்கத்தில் நின்றது. தலையைச் சாய்த்துச் சோற்றைப் பார்த்தது. அப்படியே நின்றது.

முதலில் யாரும் கவலைப்படவில்லை. கொஞ்ச நேரம் போனதும் எல்லார் முகமும் மாற ஆரம்பித்தது. அது பறந்துபோயிருந்தால் வேறொன்று வரும் என்று காத்திருந்திருப்பார்கள். இது பறக்கவும் இல்லை, தொடவும் இல்லை. அர்த்தநாரியின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு மாட்டேன் என்றது. அப்படித்தான் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அவளுக்குக் கோவம்” என்றார். “அன்னிக்குத் தல வலிக்குதுன்னு போன் பண்ணுனா. நா பேங்க்குக்காரனோட பேசிட்டிருந்தேன். காப்பி குடிச்சுட்டுப் படுன்னு சொல்லிப்போட்டு வெச்சுட்டேன். வூட்டுக்கு வாரப்ப வாயி கோணிப்போச்சு. அப்பறம் சாகற மட்டும் ஒரு வார்த்த பேசல. நிகிலாவப் பாத்துப் பாத்து என்னமோ சொல்ல வந்தா. என்னன்னு தெரியாமயே போயிட்டா.”

நம்மூரில் இதற்கு ஒரு வழி உண்டு. காக்கை எடுக்கவில்லை என்றால், செத்தவருக்கு ஏதோ குறை. என்ன குறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, செய்கிறேன் என்று வாக்குக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். சரியான வாக்கு வரும்போது காக்கை எடுக்கும். அர்த்தநாரி ஈரக் கல்லில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார்.

“வாசுகி, உம்பட பேர்ல கோயலுக்கு மணி வாங்கி வெக்கறேன். எடு சாமி.”

காக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

“அந்தத் தோப்பு வூட்ட விக்கறதுன்னு பேசிட்டிருந்தேன், நீ வேண்டாம்னு சொன்னீல்ல. விக்கல. எடு.”

நான் முதுகைத் திருப்பிக்கொண்டு காதில் மாட்டியிருந்த கருவியில் ஜெரால்டைக் கூப்பிட்டேன். “தம்பி, இங்க இலைக்கு முன்னாடி நிக்கிற காக்காவ விட்டுரு. அது தின்னணும்.”

“விட்டா பிடிக்க முடியாதேக்கா. மேல கேக்கணும்.”

“ஒரு மனுஷன் பொண்டாட்டி படத்துக்கு முன்னாடி அழுதுக்கிட்டு இருக்காரு. விடுறியா இல்லையா?”

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. “சரி, விட்டுட்டேன். ஆனா ஒடனே தின்னாது பாத்துக்கிடுங்க. பசிய நிறுத்துனா டக்குனு நிக்கும். திரும்ப வாரது எப்பம்னு சொல்ல முடியாது. இப்பமும் வரலாம், ஒரு பாட்டு பாடி முடிக்கிற நேரமும் ஆகலாம்.”

நிம்மதியாகத் திரும்பினேன். நல்ல காரியம் செய்துவிட்டதாக ஒரு பெருமிதம் வேறு. அந்தப் பெருமிதத்தை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

ரங்கநாயகி முன்னால் வந்தார். “தம்பி, இதெல்லாம் இல்லடா. அவ எதுக்குப் புள்ளையப் பாத்துப் பாத்து அழுதா? எம்பையன் தீபக்குக்கு நிகிலாவக் கட்டி வெக்கோணும்னுதான். எங்கிட்ட எத்தனவாட்டி சொல்லியிருக்கறா. நீதான் புள்ள வேண்டாங்குதுன்னு ரெண்டு வருசமாத் தள்ளிட்டிருக்கற.”

“அத்தே, அம்மா அப்படிச் சொன்னதே கெடையாது” என்றாள் நிகிலா.

அர்த்தநாரி அவளைப் பார்க்கவில்லை. காக்கையைத்தான் பார்த்தார். இலையின் மேல் கையடித்தார். “சரி வாசுகி. நிகிலாவ தீபக்குக்கே கட்டி வெக்கறேன். இது சத்தியம். எடு.”

காக்கை எடுத்தது.

ரங்கநாயகி கையை மேலே தூக்கி ஓவென்று அழுதார். அர்த்தநாரி நெற்றி கல்லில் படக் குனிந்தார். குழுவில் இருந்த அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கரை மேலாளர் வெள்ளைக்காரப் பெண், அவளும் எதுவும் புரியாமலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு படம் பிடித்தாள்.

காக்கை நிறுத்தவில்லை. சோற்றை அள்ளி அள்ளி விழுங்கியது. வடையை முழுசாக உள்ளே தள்ளப் பார்த்துத் தொண்டையில் சிக்கி, கக்கி, கக்கியதையே மறுபடி தின்றது. இலையைக் கிழித்தது. எள்ளுருண்டை ஒட்டிய கல்லைக் கொத்தியது. அலகோரத்தில் இரத்தம் வந்தது. அதைக்கூட நிறுத்தாமல் கொத்தியது. “பாரு, வாசுகி எத்தன ஆசையாச் சாப்பிடறா” என்று யாரோ சொன்னார்கள். நான் பாறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன்.

வாயைக் கழுவிக்கொண்டு நிமிர்ந்தால் நிகிலா நிற்கிறாள்.

“அந்தக் காக்கா நெஞ்செலும்பப் பாத்தீங்களா? கத்தி மாதிரி நிக்குது. பட்டினி கெடந்த மாடு தீவனத்துல விழுந்த மாதிரி திங்குது. ஆனா அத்தன நேரம் சோறு முன்னாடி இருந்தும் தொடல. ஏன்?”

“ரோமம் உதிர்கிற...” என்று ஆரம்பித்தேன். பறவைக்கு ஏது ரோமம். அவள் காத்திருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிவாளம், பசி, கரடி, ஜெரால்டிடம் நான் சொன்னது, அவன் எனக்குச் சொன்னது.

“அப்ப எங்கத்த பேசாம இருந்திருந்தா, கோயலுக்கு மணின்னு அப்பா திரும்பச் சொல்லியிருந்தாலும் அது தின்னுருக்கும்.”

“ஆமாம்.”

“இத எங்கப்பாகிட்டச் சொல்லுங்க” என்றாள்.

கப்பலுக்குத் திரும்பியதும் சொன்னேன். அவருடைய அறையில், ரங்கநாயகியும் நிகிலாவும் இருக்கும்போது. வேலை போனால் போகிறது என்று, பிடரியில் சில்லு வைக்கிற படத்தைக்கூடக் கைபேசியில் காட்டினேன். அர்த்தநாரி கடைசிவரை கேட்டார். ரங்கநாயகிதான் முதலில் பேசினார்.

“இருக்கட்டுமே. அந்த நேரத்துல காக்காயத் தொறந்து உடோணும்னு உனக்கு ஏன் தோணுச்சு? உன்னைய யாரு நெனைக்க வெச்சா? எந்தம்பி சம்சாரந்தான். உன்ற மனசுல பூந்து சொல்லியிருக்கறா.”

நான் ஜெரால்டுக்கு உத்தரவு போட்டேன், ஜெரால்டு காக்கைக்கு உத்தரவு போட்டான், எனக்கே ஒருத்தி உத்தரவு போட்டாளாம். என் பிடரியைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

“சார், நீங்க சொல்லுங்க” என்றேன்.

அர்த்தநாரி நிமிர்ந்தார். “அவ சாப்பிட்டா. நான் கண்ணால பாத்தேன். ஒரு வருசமா நான் கண்ண மூடுனா அந்தப் போனு சத்தந்தான் கேக்கும். இன்னிக்கி இல்ல. இத எங்கிட்ட இருந்து புடுங்காதீங்க அம்மிணி.”

நிகிலா அப்பாவைப் பார்த்தாள். எழுந்து போனாள். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. தன் நெஞ்சுப் பாரத்தை இறக்கி வைக்க இடம் தேடினார், மகளின் தலை கிடைத்தது. கெட்டவர்களைவிட இப்படிப்பட்டவர்களைப் பார்க்கத்தான் எனக்கு அதிகம் அருவருக்கிறது. கெட்டவன் செய்தால் செய்கிறான் என்று போய்விடலாம்.

மறுநாள் காலையில் கரை மேலாளர் கூப்பிட்டனுப்பினாள். அனுமதியில்லாமல் கடிவாளத்தை அவிழ்த்ததற்கு வேலையைவிட்டுத் தூக்கப் போகிறாள் என்று நினைத்துப் போனேன். அவளோ எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் எடுத்த படம் தலைமை அலுவலகம் வரை போயிருந்தது. எல்லாரும் அழுதுவிட்டார்களாம்.

“ஒரு வருத்தம்தான், பூங்கோதை. காக்கை சாப்பிட ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. அந்தத் தாமதத்தைத் தொழில்நுட்பக் குழு சரிசெய்துவிடும். அடுத்த பருவத்திலிருந்து மூதாதையர் விருந்து என்று தனிக் கரைப் பயணமே போடப்போகிறோம். காக்கை உறுதி. உங்கள் ஊரில் இதற்கென்று பெரிய கடற்கரைத் தலங்கள் இருக்கின்றனவாமே? வருடத்தில் எந்த நாளில் கூட்டம் அதிகம்?”

“தெரியாது” என்றேன்.

“விசாரித்துச் சொல். எந்த வாக்குக் கொடுக்கும்போது சாப்பிட வேண்டும் என்பதைக் குடும்பத்தார் முன்கூட்டியே சொல்லிவிட்டால் எங்களுக்கு வசதி.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியவே இல்லை. நான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். நடுக்கடலில் வேலையை விட்டுவிட்டு எங்கே போய் இறங்குவது? கோபம் வந்தாலும் கப்பலுக்குள்ளேயேதான் நடக்க வேண்டியிருக்கிறது.

மதியச் சாப்பாட்டுக்குத் தமிழ்க் குழுவின் கூடத்துக்குப் போனேன். ஜன்னலோரம் அர்த்தநாரியும் நிகிலாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். ரங்கநாயகி மூன்றாவது நாற்காலியில். நிகிலாவின் முன்னால் தட்டு நிறையச் சோறு. அவள் தொடவில்லை. கரையிலிருந்து வந்ததிலிருந்தே தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை என்று சமையல்காரர் என்னிடம் சொன்னார்.

அப்போது ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டது. எப்போதோ பதிவு செய்தது. ‘அன்பர்களே, இடப்பக்கம் பாருங்கள், நம்மைக் காணத் திமிங்கிலம் ஒன்று வந்துகொண்டிருக்கிறது.’ கூடம் காலியானது. ரங்கநாயகியும் “இதொண்ணைப் பாத்துப்போட்டு வந்தர்றேன்” என்று எழுந்து ஓடினார். பக்கத்து மேசையில் நானும், அங்கே அப்பாவும் மகளும்தான் மிஞ்சினோம்.

“சாப்புடு கண்ணு” என்றார் அர்த்தநாரி.

“பசிக்கலீங்ப்பா.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சோற்றையும் அப்பாவையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாள். அவர் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

“உன்ற ஆசுபத்திரிக்குப் பக்கத்து எடம் வெலைக்கு வருதுன்னியல்ல. வாங்கித் தர்றேன். ஒரு வாய் சாப்புடு.”

அவள் அசையவில்லை.

“கண்ணாலத்த அடுத்த வருசம் வெச்சுக்கலாம். ஒண்ணும் அவசரமில்ல.”

அசையவில்லை.

“தீபக்க நம்ம வூட்டோட வந்து இருக்கச் சொல்றேன். நீ எங்கயும் போவேண்டாம். மாட்டு வைத்தியத்தையும் உடவேண்டாம். எடு சாமி.”

‘எடு’ என்று சொன்னதும் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. கை தட்டின் விளிம்பில் அப்படியே நின்றது. நேற்று எந்தக் குரலில் கெஞ்சினாரோ அதே குரல். எதிரில் இருப்பவள் மட்டும் வாய் பேசக்கூடியவள். இரண்டு வருடமாக வேண்டாம் என்று பேசிக்கொண்டும் இருந்தவள்.

மேல்தளத்திலிருந்து ‘ஆ’ என்ற கூச்சல் வந்தது. திமிங்கிலம் வாலைத் தூக்கியிருக்கும். அவர் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. முகத்தை இரண்டு கையாலும் அழுத்தித் துடைத்தார். ஒரே நாளில் வந்து ஒரே நாளில் போன நிம்மதி அந்த முகத்தைவிட்டு இறங்குவதை நான் பார்த்தேன்.

“அது பசியில தின்னுச்சு” என்றார். “வாசுகி தின்னல. எம்மேல கோவமாத்தான் போயிருக்கறா. அது எனக்கும் அவளுக்கும் இருக்கற கணக்கு. உன்னைய அதுல வெச்சுக் கட்டுனது தப்பு.” மூச்சு வாங்கினார். “கண்ணாலம் இல்ல கண்ணு. உங்கத்தகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

நிகிலா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்காமல் வேகவேகமாகச் சாப்பிட்டாள். நல்ல பசி.

அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அர்த்தநாரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தன் தட்டை அவர் தொடவில்லை.